கரண்டியைச் சாய்த்தாலும் வழியக் கூடாது!
வாசகர் கேள்வி-பதில்: குழந்தைகளின் இணை உணவு

ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையான குழந்தைகளின் சாப்பாடு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் குழந்தை நல மருத்துவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து பதில் தருகிறார்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கே: என் மகளுக்கு ஐந்து மாதம் முடிந்து ஆறாம் மாதம் நடக்கிறது. குலதெய்வக் கோயிலில் சோறு ஊட்ட நாள் குறித்தாகிவிட்டது. அன்று முதலே தினமும் சாதம் கொடுக்கலாம் என்கிறார் மாமியார். இரவில் அடிக்கடி எழுந்து அழுவதால் பால் போதவில்லையோ என்றும் தோன்றுகிறது. ஆரம்பிக்கலாமா?
– பி.எஸ்., புதுக்கோட்டை

ப: கோயிலில் ஊட்டிக்கொள்ளுங்கள், வீட்டில் மட்டும் ஒரு மாதம் பொறுங்கள். குழைந்த சாதத்தை விரல் நுனியில் எடுத்து உதட்டில் வைத்தாலே சடங்கு நிறைவேறிவிடும். தேனும் பஞ்சாமிர்தமும் அந்த விரலில் வேண்டாம். காரணத்தைக் கீழே வேறொரு பதிலில் சொல்லியிருக்கிறோம்.

வீட்டில் 'ஆறாம் மாதம்' என்பது ஐந்து முடிந்த மறுநாளே தொடங்கிவிடுகிறது. மருத்துவக் கணக்கு ஆறு மாதம் நிறைந்து, அதாவது 180 நாள். அதற்கு முன்பே வயிற்றைச் சாதத்தால் நிரப்பினால் குழந்தை பால் குடிப்பது குறையும், குடிப்பது குறைந்தால் சுரப்பும் குறையும். கிண்ணம், கரண்டி, தண்ணீர் வழியாகக் கிருமி போவதும் அன்றிலிருந்தே ஆரம்பிக்கும். பேதி அதிகம் வருவது இந்தக் குழந்தைகளுக்குத்தான்.

இரவு அழுகையை மட்டும் வைத்துப் பால் போதவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு நாளில் ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் கழிக்கிறாள், மாதாமாதம் எடை கூடுகிறது என்றால் பால் போதும்.

180 நாள் ஆனபிறகு தள்ளிப்போடவும் கூடாது. 'பல் முளைக்கட்டும்' என்று எட்டு மாதம் வரை பாலோடு நிறுத்துகிற வீடுகளும் உண்டு. குழந்தை பிறக்கும்போது சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து ஆறு மாத வாக்கில் தீர்ந்துவிடுகிறது. தாய்ப்பாலில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் இரும்புகூட இல்லை. பல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஈறே நன்றாக மசிக்கும். தலை நிலையாக நிற்க வேண்டும், இடுப்பைப் பிடித்துக்கொண்டால் உட்கார வேண்டும், கரண்டியை வைத்ததும் நாக்கு அதை வெளியே தள்ளக் கூடாது. இந்த மூன்றையும் பார்த்தால் போதும்.

கே: என் மகன் 34 வாரத்தில் பிறந்தான். அவனுக்கும் பிறந்த நாளிலிருந்துதான் ஆறு மாதக் கணக்கா?
– வாசகர், ஓசூர்

ப: இல்லை. 40 வாரத்துக்கு ஆறு வாரம் குறைவு. அந்த ஒன்றரை மாதத்தைக் கழித்து வருவதுதான் அவனுடைய திருத்திய வயது. தொடங்கும் நாளை, அவன் தலை நிற்பதையும் எடையையும் பார்த்து மருத்துவர் சொல்வார். இரும்புச்சத்துச் சொட்டு மருந்துக்கு இந்தக் காத்திருப்பு கிடையாது. குறைமாதக் குழந்தைகளுக்கு முதல் சில வாரங்களிலேயே அது தேவைப்படும். மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கே: ஏழரை மாதக் குழந்தை. காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் பருப்புத் தண்ணீர், மாலையில் ஆப்பிள் வேகவைத்த தண்ணீர் கொடுக்கிறேன். எல்லாவற்றையும் குடித்துவிடுகிறான். ஆனாலும் இரண்டு மாதமாக எடை 7.2 கிலோவிலேயே நிற்கிறது. எங்கே தப்பு?
– கே.வி., தேனி

ப: நீங்கள் கொடுப்பவற்றில் ஒன்றுகூடச் சாப்பாடு இல்லை, மூன்றும் தண்ணீர். கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். எங்களுக்கு வரும் கேள்விகளில் பாதிக்குமேல் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கின்றன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தேக்கரண்டி கேழ்வரகு மாவு சுமார் 3 கிராம். அதைக் கரைத்துக் காய்ச்சிய 150 மில்லி கஞ்சியில் 10 கலோரிதான் இருக்கும். அதே 150 மில்லி தாய்ப்பால் என்றால் 100 கலோரி. ஆக, கஞ்சி குடித்து வயிறு நிரம்பிய நேரத்தில் குழந்தை இன்னும் சத்தான பாலை இழந்திருக்கிறான். பருப்புத் தண்ணீரும் இப்படித்தான்: புரதம் முழுக்க அடியில் தங்கிய பருப்பில் இருக்கிறது, அதை வீட்டில் சாம்பாருக்குப் போட்டுவிட்டு, மேலே தெளிந்ததைக் குழந்தைக்குக் கொடுக்கிறோம்.

இந்த வயதில் தாய்ப்பாலுக்கு மேல் உணவிலிருந்து தினமும் சுமார் 200 கலோரி வேண்டும். ஒன்பது மாதத்துக்கு மேல் 300, ஒரு வயதுக்கு மேல் 550. ஏழு கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு 200 மில்லி சொச்சம்தான் கொள்ளும். இடம் சின்னது, தேவை பெரியது. அதனால் உணவு கெட்டியாக இருந்தே ஆக வேண்டும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் சட்டென்று வழியக் கூடாது, மெதுவாகச் சரிந்து விழ வேண்டும்.

நாளை காலையிலேயே இப்படிச் செய்யுங்கள். பச்சரிசி 2 மேசைக்கரண்டி, பாசிப்பருப்பு 1 மேசைக்கரண்டி, விரல் நீளப் பூசணி அல்லது கேரட் துண்டு ஒன்று. கழுவி, ஒரு கப் தண்ணீர் (200 மில்லி) ஊற்றி, குக்கருக்குள் சிறு பாத்திரத்தில் வைத்து ஐந்து விசில் விடுங்கள். நீரை வடிக்காமல் அப்படியே கரண்டியின் முதுகால் மசியுங்கள். ஒரு தேக்கரண்டி நெய் அல்லது நல்லெண்ணெய் சேருங்கள். அந்த ஒரு கரண்டியிலேயே 45 கலோரி. மொத்தம் 190 கலோரி வாக்கில் வரும், இரண்டு வேளைக்குச் சரியாக இருக்கும். இறுகிவிட்டால் தளர்த்தச் சுடுதண்ணீரைவிடத் தாய்ப்பால் நல்லது. இன்னொரு வேளைக்கு மசித்த வாழைப்பழம் அல்லது நன்கு வெந்த முட்டை. ஆப்பிள் தண்ணீரை விட்டுவிட்டு ஆப்பிளை மசித்துக் கொடுங்கள்.

ஆறிலிருந்து எட்டு மாதம் வரை ஒரு நாளைக்கு 2-3 வேளை, ஒவ்வொரு வேளையும் இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி அரைக் கிண்ணம் வரை. கிண்ணம் என்று நாங்கள் சொல்வது 250 மில்லி பிடிப்பது. ஒன்பது மாதத்துக்கு மேல் அரைக் கிண்ணம் வீதம் 3-4 வேளை. ஒரு வயதுக்கு மேல் முக்கால் கிண்ணத்திலிருந்து முழுக் கிண்ணம் வரை, நடுவில் ஒன்றிரண்டு தீனி. தாய்ப்பால் இரண்டு வயது வரையிலும், அதற்கு மேலும் தொடரலாம்.

ஒரு மாதம் கழித்து அங்கன்வாடியிலோ துணை சுகாதார நிலையத்திலோ அதே தராசில் எடை பாருங்கள். கெட்டி உணவு கொடுத்தும் முள் நகரவில்லை என்றால் சிறுநீர்த் தொற்று போன்ற வேறு காரணங்களை மருத்துவர் தேட வேண்டியிருக்கும்.

கே: முளைகட்டிய கேழ்வரகு மாவு வீட்டில் செய்தால் புளித்த வாடை வருகிறது, சில சமயம் பூசணம் பிடிக்கிறது. சரியான முறை என்ன? முளைகட்டுவதால் உண்மையிலேயே பயன் உண்டா?
– ஜெ.எல்., தர்மபுரி

ப: உண்டு. முளைக்கும்போது தானியத்துக்குள் அமைலேஸ் என்ற நொதி உருவாகி, மாவுச்சத்தை வெட்டிச் சிறிதாக்குகிறது. சாதா மாவை இரண்டு மேசைக்கரண்டி போட்டால் களியாகிவிடும். முளைகட்டிய மாவில் அதே அளவு போட்டாலும் கஞ்சி இளக்கமாக இருக்கும். குழந்தை விழுங்குகிற பதத்திலேயே கூடுதல் மாவு உள்ளே போகிறது. இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட்டும் ஓரளவு குறையும்.

அரை கிலோ கேழ்வரகைக் கல், மண் போகும்வரை ஐந்தாறு தண்ணீரில் அலசி 10-12 மணி நேரம் ஊறவிடுங்கள். வெயில் காலத்தில் நடுவில் ஒரு தடவை தண்ணீர் மாற்றுவது கட்டாயம். புளித்த வாடைக்கு முதல் காரணம் இதுதான். நன்றாக வடித்து, சொட்டுவது நின்றபின் ஈரமான பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் நடுவில் சூடேறி அழுகும். எட்டு மணிக்கு ஒருமுறை பிரித்து உதறி, தண்ணீர் தெளித்து மறுபடி கட்டலாம். கோடையில் ஒரு நாளிலும், மார்கழியில் ஒன்றரை நாளிலும் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அரை விரற்கடைக்கு மேல் வளர விடாதீர்கள், கசக்கும்.

அடுத்ததாகக் காயவைப்பதில்தான் பலருக்குக் கோட்டை விட்டுப்போகிறது. ஒரே அடுக்காகப் பரப்பி, நல்ல வெயிலில் இரண்டு நாள். ஒரு மணியைக் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம் இருக்கிறது. ஈரத்தோடு அரைத்த மாவில்தான் பூசணம் வருகிறது. பூசணம் கண்ட மாவைச் சலித்தும் வறுத்தும் காப்பாற்றப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள். அதிலிருக்கும் நஞ்சு சூட்டில் போகாது. காய்ந்ததும் உள்ளங்கையில் தேய்த்தால் வேர்ப்பகுதி உதிரும், புடைத்து நீக்குங்கள். அரைத்து ஆறவைத்து, மெல்லிய துணியில் சலித்து, ஈரமில்லாத டப்பாவில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும்.

வாசத்துக்காகப் பொன்னிறமாக வறுத்தால் அந்த நொதி செத்துவிடும். ருசி வரும், கஞ்சியை இளக்கும் சக்தி போய்விடும். அதனால் கால் கிலோவை வறுக்காமல் தனியாக அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கெட்டிக் கஞ்சியானாலும் இறக்கி இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு, இந்த மாவில் அரைத் தேக்கரண்டி தூவிக் கலக்குங்கள். கண்ணெதிரிலேயே இளகும். பிறகு மறுபடி அடுப்பில் வைத்து இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், பச்சை மாவில் கிருமி இருக்கும். கொதிக்கும்போதே தூவினால் ஒன்றும் நடக்காது.

கே: 27 பொருள் சேர்த்த சத்துமாவு கிடைக்கிறது. ஏழு மாதத்துக்கே கொடுக்கலாமா?
– வாசகி, கோவை

ப: வேண்டாம். முதல் மாதங்களில் ஒரு புதிய பொருளைக் கொடுத்தால் இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. 27-ஐ ஒரே கிண்ணத்தில் போட்டுத் தடிப்பு வந்தால் எதைக் குற்றம் சொல்வது? முந்திரி, பாதாம், வேர்க்கடலை சேர்ந்த மாவு சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும். தோலோடு அரைத்த பயறுகள் வயிறு உப்பச் செய்யும். பட்டியல் நீளம் சத்து ஆகாது.

வீட்டிலேயே நாலு பொருளில் செய்யலாம்: முளைகட்டிய கேழ்வரகு 300 கிராம், புழுங்கல் அரிசி 100, பாசிப்பருப்பு 100, பொட்டுக்கடலை 50. தானியத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்ற புரதக்கூறு பருப்பில் இருக்கிறது, அதனால் ஏறக்குறைய மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்பதே கணக்கு. வேர்க்கடலையைத் தனியே வறுத்துப் பொடித்து, சமைக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து ஏத்தங்காய் (நேந்திரங்காய்)ப் பொடி பற்றிக் கேட்டவருக்கும் சேர்த்துச் சொல்கிறோம்: நல்ல உணவுதான், ஆனால் பெரும்பாலும் மாவுச்சத்து. அதை மட்டுமே மூன்று வேளையும் கொடுத்தால் புரதமும் இரும்பும் எங்கிருந்து வரும்?

கே: பத்து மாதப் பெண் குழந்தைக்கு ஹீமோகுளோபின் 8.9. சிரப் எழுதிக் கொடுத்தார்கள். சிரப் சூடு என்கிறார்கள் வீட்டில். பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழ சிரப் கொடுத்தே ஏற்றிவிட முடியாதா?
– எம்.என்., விருதுநகர்

ப: முடியாது. பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பு என்பதால் ரத்தம் ஊறும் என்று நம்புகிறோம். 100 கிராமில் இரண்டிலுமே ஒரு மில்லிகிராம் இரும்பு தேறாது. உங்கள் குழந்தை ஒரு வேளைக்கு எத்தனை கிராம் மாதுளை சாப்பிடுவாள்? பேரீச்சம்பழ சிரப்பில் பெரும்பகுதி சர்க்கரைதான்.

8.9 என்பது உணவால் மட்டும் நிமிர்த்தும் எல்லையைத் தாண்டிவிட்டது. மருத்துவர் எடைக்குத் தகுந்து எழுதிய அளவைத் தினமும் கொடுங்கள். இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் கொடுப்பது நல்லது. பாலோடு வேண்டாம், பாலின் கால்சியம் இரும்பைத் தடுக்கும். இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு கொடுக்கலாம். நாக்கின் பின்பக்கம் விட்டால் பல்லில் கறை படியாது. மலம் கறுப்பாகப் போகும், அது மருந்தின் நிறம்தான். ஒரு மாதத்தில் 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மருந்து ஒழுங்காகப் போகவில்லை அல்லது காரணம் வேறு. ஏறியதும் நிறுத்திவிடாதீர்கள், உடலில் இருப்பு சேர மேலும் இரண்டு மூன்று மாதம் தேவைப்படும். பாட்டிலை உயரத்தில் வையுங்கள். பெரிய பிள்ளை ஒருவன் இனிப்பாக இருக்கிறதென்று முழுவதையும் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

அரசு மருத்துவமனைகளில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை 1 மில்லி கொடுக்கச் சொல்லும் சிரப் வேறு. அதில் 20 மில்லிகிராம் இரும்பும் 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. சோகை வராமல் காக்க அது. வந்ததைச் சரிசெய்ய அந்த அளவு போதாது. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறீர்களா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உணவு விஷயத்தில், அசைவம் உண்டென்றால் கோழி ஈரல்தான் முதல் தேர்வு. 30 கிராம் ஈரலை மஞ்சள், சீரகத்தூளோடு உள்ளே சிவப்பு துளியும் இல்லாமல் வேகவைத்து, மசித்துச் சாதத்தில் பிசையுங்கள். வாரத்துக்கு ஒரு தடவைதான். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம், ஒன்பதாவது மாதத் தடுப்பூசியோடு ஒரு லட்சம் யூனிட் சொட்டு மருந்தும் போட்டிருப்பார்கள். மற்ற நாள்களில் மீன், முட்டை, நன்றாக வெந்த ஆட்டிறைச்சியின் சதை. சூப்பில் இரும்பு இறங்குவதில்லை, சதையைத்தான் கொடுக்க வேண்டும். மீனில் சங்கரா போல முள் எடுக்கத் தோதானது நல்லது. சுறா வேண்டாம், பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும்.

சைவம் என்றால் முளைப்பயறு, தட்டைப்பயறு, பருப்போடு ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. இறக்கி ஆறியபின் எலுமிச்சை பிழியுங்கள், கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வீணாகும். கொய்யாவின் விதையை வடிகட்டி மசித்துக் கொடுப்பதும் அதே வேலையைச் செய்யும். குழந்தைக்கு ஒரு மடக்கு டீ, காபி கொடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

கே: முட்டை, வேர்க்கடலை எல்லாம் ஒரு வயதுக்குப் பிறகுதான் என்று எங்கள் மூத்த பிள்ளைக்குச் சொன்னார்கள். இப்போது ஆறு மாதத்திலேயே கொடுக்கச் சொல்கிறார்கள். எது சரி?
– டி.கே., வேலூர்

ப: இப்போது சொல்வதுதான். முன்பு தள்ளிப்போட்டால் ஒவ்வாமை வராது என்று நினைத்தார்கள். 2015-இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். முதல் வயதிலிருந்தே கடலை சாப்பிட்ட குழுவில், ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைவாக இருந்தது.

முட்டையை மஞ்சள், வெள்ளை இரண்டும் கெட்டியாகும்வரை வேகவைத்துக் கால் தேக்கரண்டியில் தொடங்குங்கள். கடலை என்றால் வறுத்து, தோல் நீக்கி, வழவழப்பாக அரைத்துக் கஞ்சியில் கால் தேக்கரண்டி. சுருங்கியது, பச்சைப் பூசணம் பிடித்ததைப் பொறுக்கி எறியுங்கள். குழந்தை நலமாக இருக்கும் நாளில், காலை வேளையில் கொடுத்து இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். வாயைச் சுற்றி லேசான சிவப்பு, தடிப்பு என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். உதடு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, மூச்சிரைப்பு, துவண்டுபோதல் என்றால் 108. கடுமையான கரப்பான் (அரிப்போடு வரும் தோல் நோய்) உள்ள குழந்தைக்கு முதல் தடவை கொடுக்கும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் வாரம் இரண்டு மூன்று முறை தொடர வேண்டும். ஒருநாள் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் விடுவதில் பயனில்லை.

கே: உப்பு, சர்க்கரை இல்லாமல் எந்தப் பிள்ளை சாப்பிடும்? கருப்பட்டி, பனங்கற்கண்டு நல்லதுதானே?
– அப்பத்தா ஒருவர், காரைக்குடி

ப: அம்மா, உப்பில்லாதது சப்பென்று இருப்பது நம் நாக்குக்கு. அவனுக்கு உப்பே இன்னும் தெரியாது. ஒரு வயது வரை ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு கிராம் உப்புக்குள்தான் போக வேண்டும். அது பாலிலும் காய்கறியிலுமே ஓரளவு வந்துவிடும், சிறுநீரகமும் இன்னும் பக்குவப்படவில்லை. பெரியவர்களுக்கு உப்புப் போடும் முன் அவன் பங்கை எடுத்துவைத்துவிட்டால் தனிச் சமையல்கூட வேண்டாம். சீரகம், மஞ்சள், பெருங்காயம், கறிவேப்பிலை தாராளமாகப் போடலாம்.

கருப்பட்டியும் கற்கண்டும் சர்க்கரைக் கணக்கில்தான் வரும். இரண்டு வயது வரை தள்ளிவையுங்கள். இனிப்புக்குப் பழம் இருக்கிறது. தேன் ஒரு வயது முடியும்வரை அறவே கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும், தசைகள் தளர்ந்து மூச்சே நின்றுபோகலாம். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. நாக்கில் தடவும் வசம்பும் வேண்டாம்.

கே: பதினொரு மாதமாகிறது. மிக்ஸியில் அரைத்தால் சாப்பிடுகிறான். ஒரு பருக்கை சிக்கினாலும் ஓங்கரித்து வாந்தி எடுக்கிறான்.
– எஸ்.ஆர்., சென்னை

ப: மிக்ஸியை அதிக நாள் பிடித்துக்கொண்டிருந்ததன் விளைவு. நாக்கு உணவைப் பக்கவாட்டில் தள்ளி மெல்லப் பழகுவது ஏழிலிருந்து பத்து மாதத்துக்குள். பிரிட்டனில் குழந்தைகளைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வில், பத்து மாதத்துக்குப் பிறகு முதன்முதலாகக் கட்டி உணவு பார்த்த குழந்தைகளுக்கே சாப்பாட்டுத் தகராறு அதிகம் இருந்தது.

இப்போதும் சரிசெய்யலாம். அரைத்த சாதத்துக்குள் பருக்கைகளைக் கலந்து ஏமாற்ற வேண்டாம். வழவழப்புக்கு நடுவில் திடீரென்று வரும் கட்டிதான் ஓங்கரிக்க வைக்கும். முதல் வாரம் மிக்ஸிக்குப் பதில் மத்தால் கடையுங்கள். அடுத்த வாரம் கரண்டி முதுகு. அதற்கடுத்து விரலால் நசுக்குவது. தனியாக, கையில் பிடித்துக் கடிக்க வெந்த கேரட் விரல், இட்லித் துண்டு, பழுத்த பப்பாளி கொடுங்கள். உங்கள் இரு விரலுக்கு நடுவில் அழுத்தினால் நசுங்குவது எதுவும் அவன் ஈறுக்கும் நசுங்கும். சிந்துவான், முகமெல்லாம் பூசிக்கொள்வான். கீழே ஒரு பழைய துணியை விரித்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

கே: ஓங்கரிப்புக்கும் தொண்டையில் அடைப்பதற்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது?
– வாசகி, சேலம்

ப: சத்தம். ஓங்கரிக்கும் குழந்தை இருமும், முகம் சிவக்கும், தானே வெளியே தள்ளிவிடும், தொடாமல் பாருங்கள். அடைத்துவிட்டால் சத்தமே வராது, அழ முடியாது, உதடு நீலமாகும். உடனே முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. திருப்பி, மார்பெலும்பின் மேல் ஐந்து அழுத்தம். வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். இது ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கான முறை. கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும்.

முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, பாப்கார்ன், முறுக்கு, தேங்காய்ச் சில்லு, பச்சைக் கேரட், பட்டாணி இவை ஐந்து வயது வரை தரையில்கூடக் கிடக்கக் கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள்.

கே: ஒன்றேகால் வயது. பாட்டிலில் தினமும் ஒரு லிட்டர் பசும்பால் குடிக்கிறான். சாதத்தைப் பார்த்தாலே ஓடுகிறான். பசியெடுக்க டானிக் சொல்லுங்கள்.
– ஆர்.டி., ஈரோடு

ப: டானிக் வேண்டாம், பாலைக் குறையுங்கள். அவனுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 1,000 கலோரி. ஒரு லிட்டர் பாலில் அறுநூறு வந்துவிடுகிறது. பசி எங்கே இருக்கும்? பாலில் இரும்பு கிட்டத்தட்ட இல்லை, இருக்கும் இரும்பையும் கால்சியம் சேரவிடாது. இப்படி வெளுத்து, உப்பிய கன்னத்தோடு வரும் குழந்தைகளைப் பார்த்து 'கொழுகொழு' என்கிறோம், சோதித்தால் ரத்தசோகை. ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். மலச்சிக்கலுக்கும் பெரும்பாலும் இந்தப் பால்தான் காரணம்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை 100 மில்லி வீதம் குறைத்து 400-500 மில்லியில் நிறுத்துங்கள். முதலில் நிறுத்த வேண்டியது நடு இரவுப் பாட்டில், முன்பற்களைச் சொத்தையாக்குவது அதுதான். பகல் பாலை டம்ளருக்கு மாற்றி, சாப்பிட்ட பிறகு கொடுங்கள். மூன்று நான்கு நாள் ஆர்ப்பாட்டம் செய்வான். அந்த நாள்களில் பிஸ்கட் கொடுத்துச் சமாதானம் செய்தால் பழைய கதைதான்.

இன்னொன்று: முதல் வருடம் ஆறு கிலோ ஏறிய பிள்ளை இரண்டாம் வருடம் இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறுவான். பசி இயல்பாகவே குறையும். 20-30 நிமிடத்துக்குள் சாப்பிட்டது போதும், தட்டை எடுத்துவிடுங்கள். செல்போனைக் காட்டி ஊட்டினால் வயிறு நிறைந்தது அவனுக்கே தெரியாது.

கே: அங்கன்வாடி சத்துமாவை வாங்கி மாட்டுக்குக் கரைத்து ஊற்றுகிறார்கள் எங்கள் ஊரில். குழந்தைக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், அரியலூர்

ப: தாராளமாக. வைட்டமினும் தாது உப்பும் சேர்த்தே தருகிறார்கள். வெல்லம் கலந்தே வருவதால் மேலும் இனிப்புச் சேர்க்காதீர்கள். காலாவதித் தேதி பாருங்கள். கரைத்துக் குடிக்கவைக்காமல் கொழுக்கட்டையாகவோ கெட்டிக் கூழாகவோ செய்து, நெய் விட்டுக் கொடுங்கள். மாட்டுக்கு வேறு தீவனம் இருக்கிறது.

கே: பேதியாகும்போது சோறு நிறுத்திவிட்டு ஜவ்வரிசித் தண்ணீர் மட்டும் கொடுத்தோம். எட்டு நாளில் குழந்தை வாடிவிட்டது. அடுத்த முறை என்ன செய்ய?
– பி.ஏ., ராமநாதபுரம்

ப: நிறுத்தாதீர்கள். தாய்ப்பால், குழைந்த பருப்புச் சாதம், தயிர்ச் சாதம், இட்லி, வாழைப்பழம் எல்லாம் தொடரட்டும்; அளவைக் குறைத்து வேளையைக் கூட்டுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கா, 200 மில்லிக்கா என்று பார்த்து, முழுப் பொடியையும் அந்த அளவுத் தண்ணீரில் ஒரே தடவையாகக் கரையுங்கள். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலந்தால் உப்பு கூடும் அல்லது குறையும், இரண்டுமே கெடுதல். இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு பேதிக்கும் 50-100 மில்லி, கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாக. கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது. அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானம் ஓ.ஆர்.எஸ். ஆகாது, உறையில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்டிருக்க வேண்டும்.

துத்தநாக மாத்திரை ஆறு மாதத்துக்கு மேல் தினமும் 20 மில்லிகிராம், பேதி நின்றாலும் 14 நாள் முழுக்க. ஒரு கரண்டி தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்கலாம். சரியான பிறகு இரண்டு வாரம் வழக்கத்தைவிட ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தால் இழந்த எடை திரும்பும். மலத்தில் ரத்தம், குழிவிழுந்த கண், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, எதைக் கொடுத்தாலும் வாந்தி, குடிக்கவே முடியாத சோர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.